இன்ஜின் கடைசியாக வரட்டும்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னால் கார் நிறுத்த விட்டிருந்த இடம் இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். தரைக்குக் கீழே தண்ணீர் சம்ப், தலைக்கு மேலே பால்கனி. 2011இல் சிக்மகளூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து அங்கே இறக்கினோம். ஓடும் நிலையில்தான் இருந்தது. ஆனால் இருந்தபடியே ஓட்டுவதற்கு நாங்கள் அதை வாங்கவில்லை. இருக்கிற இன்ஜினைக் கழற்றிவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கிற ஒன்றை வைத்து, சேறு, பாறை, ஓடைப் படுகை எதிலும் நிற்காத வண்டியாகக் கட்டுவது என்பது திட்டம். சம்ப் மூடியின்மேல் எக்காரணம் கொண்டும் ஜாக்கி வைக்கக் கூடாது என்பது அம்மா போட்ட ஒரே நிபந்தனை.

'நாங்கள்' என்றால் நானும் சித்தப்பாவும். அவர் அல்சூரில் இருக்கும் 515 ஆர்மி பேஸ் ஒர்க்‌ஷாப்பில் சிவிலியன் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இது புதுசு இல்லை. எச்.ஏ.எல்., பெமல், ஐ.டி.ஐ., 515 என்று வீட்டுக்கு ஒருவராவது இரும்பைத் தொட்டுச் சம்பாதித்தவர் இருப்பார். அடுத்த தலைமுறையில் நாங்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டோம். நான் ஒயிட்ஃபீல்டில் உட்கார்ந்து மென்பொருளில் பிழை தேடுகிறவன். கையில் ஸ்பேனர் பிடித்ததெல்லாம் சித்தப்பா பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்த அளவுக்குத்தான்.

சித்தப்பாவுக்கு உண்மையில் ஜோங்காமேல்தான் ஆசை. ஜப்பானின் நிஸான் பேட்ரோலை 1969 முதல் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நம் ராணுவத்துக்காகச் செய்தார்களே, அந்த வண்டி. ஆறு சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 110 குதிரைத்திறன். "அது வண்டிடா. இது குருவி" என்று ஜீப்பைப் பார்த்து அவர் சொல்லாத நாள் கிடையாது. ஆனால் ஜோங்கா குடிக்கிற பெட்ரோலை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். அதைவிட முக்கியம், அதற்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் நாடு முழுக்கத் தேட வேண்டும். ஜீப்புக்கு அப்படி இல்லை. மஹிந்திரா 1940களின் கடைசியிலேயே வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதே எலும்புக்கூட்டின்மேல்தான் விதவிதமான உடம்பைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆகவே ஜே.சி. ரோட்டிலோ கலாசிபாளையத்திலோ கேட்டால் கிடைக்காத ஜீப் சாமான் குறைவு. அங்கே கிடைக்காதது ஷிவாஜிநகரின் பழைய சாமான் சந்தையான குஜரியில் கிடைக்கும்.

முதலில் பழைய இன்ஜினைப் பற்றி. எம்.எம். 540இல் இருப்பது பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ டீசல். 2,112 சி.சி., 62 குதிரைத்திறன், 120 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கு விசை. இந்த 120 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க வரும். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் எதுவாக இருந்தாலும் இந்த உயரத்துக் காற்றில் பத்தில் ஒரு பங்கு பலத்தை விட்டுவிடும். ஆக, 62 என்று காகிதத்தில் இருந்ததில் எங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. நந்தி மலைக்குப் போனால் பின்னால் வருகிற பள்ளிக்கூட பஸ் ஹாரன் அடிக்கும்.

நண்பர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. 2010 அக்டோபரில்தான் மஹிந்திரா தார் வெளிவந்திருந்தது. 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர், நாலு சக்கர இயக்கம், கம்பெனி வாரன்ட்டி. ஏறக்குறைய ஆறு லட்ச ரூபாய். அதைக் கடன் போட்டு வாங்கிவிட்டுப் போவதை விட்டு, சம்ப் மூடிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்றார்கள். ஆறு லட்சம் கையில் இல்லை என்பது பாதி பதில். சும்மா உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் கை மறுபடி வேலை கேட்டது என்பது மீதி.

ஷிவாஜிநகர் குஜரிக்குப் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காரை ஒரு முனையில் உள்ளே விட்டால் மறுமுனையில் மூட்டையாக வெளியே வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ, எங்களுக்கு அது. கதவுக் கண்ணாடி ஒரு கடை, கியர் பெட்டி ஒரு கடை, ஸ்டீயரிங் மட்டும் ஒரு கடை. விபத்தில் நொறுங்கிப்போன ஒரு ஸ்கார்பியோவின் 2.6 லிட்டர் டர்போ இன்ஜின் வந்திருப்பதாகத் தெரிந்த பாய் ஒருவர் சொல்லி அனுப்பினார். 2002இல் ஸ்கார்பியோ முதலில் வந்தபோது இருந்த இன்ஜின் அது. 109 குதிரைத்திறன், 255 நியூட்டன் மீட்டர். பழைய 120ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2005இல் அதே ஸ்கார்பியோவுக்குக் காமன் ரெயில் இன்ஜின் வந்துவிட்டது. பலமும் கொஞ்சம் கூடுதல். பாயிடம் அதுவும் இருந்தது. சித்தப்பா திரும்பியும் பார்க்கவில்லை. காமன் ரெயில் என்றால் அதோடு அதன் கம்ப்யூட்டர் பெட்டி, ஒயரிங் கட்டு முழுசாக, சென்சர்கள், சாவியில் இருக்கிற சிப்பு எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் இன்ஜின் சுற்றும், பற்றிக்கொள்ளாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கப்போகிற வண்டிக்கு அது ஆகாது. பழைய மாதிரியில் டீசல் பம்பு இயந்திர முறையில் ஓடுகிறது. இன்ஜினை நிறுத்துகிற சொலினாய்டுக்கு ஒரே ஒரு ஒயர் போனால் போதும். "கம்ப்யூட்டர்தான் நீ தினமும் பார்க்கிறியே, இங்கேயுமா?" என்றார்.

பாய் இன்ஜினைத் தரையில் டயர்மேல் உட்கார வைத்து, கேனிலிருந்து டீசல் விட்டு, பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். சித்தப்பா சத்தத்தைக் கேட்கவே இல்லை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்த வழியாகப் புகை கையைத் தள்ளும். பிறகு இன்ஜினை நிறுத்தச் சொல்லி, டர்போவின் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் லேசாக ஆடலாம், அது ஆயில் படலத்துக்கு விட்ட இடம். முன்னும் பின்னும் துளிகூட ஆடக் கூடாது. ஆடவில்லை. பேரம் அதற்குப் பிறகு வெகுநேரம் நடந்தது. தமிழில் ஆரம்பித்து உருதுவில் சூடாகிக் கன்னடத்தில் முடிந்தது.

பழைய கியர் பெட்டியோடு புது இன்ஜினைச் சேர்க்க இடையில் ஒரு தடித்த தகடு வேண்டும். அடாப்டர் பிளேட் என்பார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்தோம். பளபளவென்று வந்தது, எனக்குப் பார்த்ததும் திருப்தி. சித்தப்பா ஃப்ளைவீல்மேல் காந்த ஸ்டாண்டு வைத்து டயல் கேஜைப் பொருத்தி, இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். இன்ஜினின் நடுவும் கியர் பெட்டித் தண்டின் நடுவும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். எங்கள் தகட்டில் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. ஓட்டும்போதும் முதலில் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் அழ ஆரம்பிக்கும், பிறகு கிளட்ச் பிளேட்டின் நடுக்கட்டை பிளக்கும், காரணம் என்னவென்று யாருக்கும் புரியாது.

பட்டறைக்காரர் "போல்ட் இறுக்கினா உக்காந்துடும் சார்" என்றார். சித்தப்பா டயல் கேஜைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அங்கே போய்விட்டார். அவர் அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறு தகடு செய்து வந்தது, காசு வாங்கவில்லை.

வீட்டில் வண்டி கட்டுகிறவர்களுக்குத் தெருவும் ஒரு பங்காளி. டீசல் வாடை, கிரைண்டர் சத்தம், வெல்டிங் வெளிச்சம் எதற்கும் எங்கள் தெருவில் சண்டை வந்ததில்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிரைண்டர் போடாதவரை. எதிர்வீட்டு அம்மா மட்டும் தினம் காலையில் கோலம் போட்டுவிட்டு, "இவத்தாதரூ ஓடுத்தா?" என்று கேட்பார். இன்றைக்காவது ஓடுமா என்று. நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்துக்குத் தெரு இளைஞர்கள் வந்து வண்டியைக் கேட்டார்கள். இன்ஜின் உள்ளே இல்லை என்றோம். பரவாயில்லை என்று மஞ்சள் சிவப்புக் கொடி கட்டி, புவனேஸ்வரி தாயி படத்தை பானெட்மேல் வைத்து, முழுத் தெருவும் தள்ளிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விட்டார்கள். சித்தப்பா ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து வந்தார். அந்த வண்டி பிறகு போன எந்தப் பயணத்திலும் அவர் முகத்தில் அத்தனை பெருமையை நான் பார்க்கவில்லை.

இன்ஜின் ஏறியது. ரேடியேட்டர் போதாமல் பெரியது மாற்றினோம். காட்டில் ஊர்ந்துபோகும்போது முன்னாலிருந்து காற்று வராது, விசிறி மட்டும்தான். இரும்பு பிளாக்கின் கனத்துக்காக முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தோம். 31 அங்குல டயர் போட்டோம். இந்த இடத்தில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். ஜீப்பில் ஸ்பிரிங் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே மாற்றிக் கட்டினால் வண்டி ஒரே தாவலில் ஐந்தாறு அங்குலம் உயர்ந்து நிற்கும். படங்களில் பார்க்கிற கம்பீரமெல்லாம் அப்படி வருவதுதான். அவர் ஒப்பவில்லை. உயர்ந்தால் சரிவில் சாயும். புரபெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதிரும். இன்ஜின் முறுக்கும்போது பட்டை எஸ் மாதிரி வளையும். ஃபெண்டரை வெட்டி டயருக்கு இடம் கொடுத்துவிட்டார். உயரம் சும்மா இரண்டு அங்குலம் ஏறியது. இன்றைக்கும் ரோட்டில் ஏணி வைத்து ஏறுகிற மாதிரி நிற்கிற ஜீப்புகளைப் பார்க்கும்போது, அதை ஓட்டுகிற பையன்களைக் குறித்து எனக்குப் பயமாகவே இருக்கிறது.

ஓட ஆரம்பித்த பிறகுதான் விஷயமே ஆரம்பித்தது. கனகபுரா ரோட்டைத் தாண்டி நண்பர் ஒருவரின் நிலத்தில், பாறைகள் கிடக்கிற மேட்டில் ஏற்றிப் பார்ப்போம். முதலில் போனது முன் ஆக்சிலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கிராஸ். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்தச் சின்ன இணைப்பு முழு விசையையும் கோணலாக வாங்கும். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உறுதியான கிராஸ் போட்டோம். அடுத்தது ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. நல்ல எஃகில் ஷாஃப்ட் செய்து போட்டோம். அடுத்தது பின்னால் கிரவுன் சக்கரத்தில் பல். எதைப் பலப்படுத்தினாலும் அதற்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியது. "ஃபியூஸ் போச்சுன்னா தடிமனா கம்பி போடுற. அப்புறம் ஒயரு எரியும். அதுக்கும் தடிமனா போட்டா மீட்டர் எரியும்" என்றார் சித்தப்பா.

ஒருநாள் ராத்திரி தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா தெரியாது. 1953இல் அமெரிக்காவில் வந்து, பிறகு இந்தியாவில் பல பத்தாண்டுகள் ஓடிய சி.ஜே. 3பி ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 75 குதிரைத்திறன் ஹரிக்கேன் இன்ஜின். அந்த இன்ஜின் உயரமாக இருந்ததால்தான் அந்த வண்டிக்கு முகம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதன் கியர் பெட்டியில் முதல் கியர் இன்ஜின் விசையை 2.8 மடங்காக்கும். முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸை 'லோ'வில் போட்டால் இன்னொரு 2.46 மடங்கு. ஆக்சிலில் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. இன்ஜின் கொடுக்கிற முறுக்கு சக்கரத்தில் 37 மடங்காக வருகிறது. எங்கள் வண்டியின் நாலு கியர் பெட்டியில் முதல் கியர் இன்னும் தாழ்வு, கணக்குக்கு 37 என்றே இருக்கட்டும்.

பழைய பெஜோவின் 120ஐ 37ஆல் பெருக்கி, டயரின் ஆரத்தால் வகுத்தால், தரையைத் தள்ளுகிற விசை ஏறக்குறைய 1,200 கிலோ எடைக்குச் சமம். ஜீப்பே அவ்வளவுதான் இருக்கும். டயருக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு பிடிமானம் இருந்தாலும், காய்ந்த பாறையில்கூட, வண்டியின் எடையை மிஞ்சித் தள்ள முடிவது அரிது. அதாவது, நாங்கள் பலமில்லை என்று கழற்றிப் போட்ட அந்த 62 குதிரை இன்ஜினே, லோ கியரில், நான்கு சக்கரத்தையும் வழுக்கச் செய்யப் போதுமானதாக இருந்தது. புது இன்ஜினின் 255ஐ வைத்துப் போட்டால், பெரிய டயரோடு சேர்த்து, 2,400 கிலோ வருகிறது. தலைக்கு மேல் போட்ட இரும்புக் கூண்டும், கயிறு சுற்றி இழுக்கிற வின்ச்சும் சேர்த்து வண்டி எடை 1,500ஐத் தாண்டாது. மீதி விசை தரைக்குப் போக வழியில்லை. சக்கரம் சுதந்திரமாகச் சுழன்றால் நஷ்டமில்லை. பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டால் அந்த மீதி எதையாவது உடைத்துத்தான் வெளியே போகும். எங்களிடம் உடைந்தவை எல்லாம் அந்த மீதிதான்.

அப்படியானால் பலம் எங்கே உதவும்? சேற்றில். இதை நான் புரிந்துகொண்டது கோவாவில். மலேசியாவில் 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி 2014இல் முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தது, நல்ல மழைக்காலத்தில். பார்வையாளனாகப் போயிருந்தேன். செம்மண் சேற்றில் டயரின் பள்ளங்கள் அடைத்துக்கொண்டால் டயர் வழவழப்பான உருளையாகிவிடும். அதை உதற வேண்டுமானால் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். லோ முதல் கியரில் இன்ஜின் அலறும், சக்கரம் ஊரும். இரண்டாவது, மூன்றாவது கியரில் அந்தச் சேற்றுக்குள் சக்கரத்தைச் சுழற்ற இன்ஜினுக்கு உண்மையான பலம் வேண்டும். அங்கே ஓடிய வண்டிகள் ஒரு நிமிடத்துக்கு இன்ஜினைக் கதறவிட்டுச் சேற்றைப் பத்தடி உயரத்துக்கு வாரியிறைத்தன. ஆனால் அங்கேயும் கரையேற்றியது பெரும்பாலும் வின்ச்சுதான். மரத்தைச் சுற்றிப் பட்டையான பெல்ட், அதில் ஷாக்கிள், கப்பி, கயிறு. இடுப்பளவு சேற்றில் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கோ-டிரைவரின் நெஞ்சுரம்தான் அங்கே குதிரைத்திறன்.

பாறைக்கு வேண்டியது வேறு. சாதாரண டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரம் சுலபமாகச் சுழல்கிறதோ அதற்கே சுழற்சியைக் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் எல்லாம் அதற்கே போய்விடும், தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டுகிற லாக்கர் இருந்தால் பாதி பலத்தில் ஏறிவிடலாம். மஹிந்திராவே 2015இல் தாரின் பின் ஆக்சிலில் ஈட்டன் நிறுவனத்தின் லாக்கரைக் கொடுக்க ஆரம்பித்தது. நாங்கள் பின்னால் ஒரு லாக்கர் போட்ட பிறகு, நண்பரின் நிலத்து மேட்டில் ஐடிலிங்கைவிடக் கொஞ்சமே கூடுதலாக மிதித்து வண்டி ஏறியது. அன்றைக்கு ஒன்றும் உடையவில்லை. சித்தப்பா, "இதுக்குப் பழைய இன்ஜினே போதுமேடா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் புது இன்ஜினைக் கழற்றலாம் என்று சொல்லவில்லை. டர்போ எழும்பும்போது வருகிற அந்த விசில் அவருக்கும் பிடித்திருந்தது.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் தப்பு. 62 குதிரைக்குச் செய்த டிரம் பிரேக்கை 109 குதிரைக்கு நம்ப முடியாது. முன்னால் டிஸ்க், வாக்குவம் பூஸ்டர் எல்லாம் வைத்தோம். டீசல் இன்ஜினில் பெட்ரோலைப் போல் தானாக வாக்குவம் வராது. ஆல்டர்னேட்டரோடு ஓடுகிற பம்பு வேண்டும். ஓடையில் இறங்கும்போது பெல்ட் நனைந்து வழுக்கினால் வாக்குவமும் குறைந்து பெடல் கல்லாகும். அதற்காகவே தண்ணீர் கடந்து கரையேறியதும் இரண்டு முறை பிரேக்கை அழுத்திப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு வந்தது. தலைக்கு மேல் கூண்டை வெல்டிங் தெரிந்தவரிடம், கண் முன்னால் நின்று செய்தோம். குழாய் வாங்கிய காசு அழகுக்கு வாங்கிய விளக்குகளைவிடக் குறைவு. இந்த இரண்டுக்கும் யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.

பிறகு சட்டம் வந்தது. வந்தது என்பது சரியில்லை, இருந்தது, நாங்கள் கவனிக்க வேண்டியதாயிற்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் முன்பக்க புல் பார்களுக்கு மத்திய அரசு தடை சொன்னது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில், உற்பத்தியாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எங்கள் வண்டியில் எத்தனை மாற்றம் என்று எண்ண ஆரம்பித்து பாதியில் விட்டுவிட்டேன்.

சட்டத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. ரிங் ரோட்டில் ஹெல்மெட் போட்ட மனைவியையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போகிற ஒருவருக்குப் பின்னால், வீட்டில் வெல்டிங் செய்த முன்கம்பியோடும் 31 அங்குல டயரோடும் யாரோ கட்டிய ஒரு வண்டி வருகிறது என்றால், அதைக் கட்டியவர் டயல் கேஜ் வைத்துப் பார்த்தாரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் வெளிநாடுகள் சிலவற்றில் இருப்பதுபோல், தனியாகக் கட்டிய வண்டியைப் பொறியாளர் ஒருவர் பரிசோதித்துச் சான்று தருகிற வழி நம்மூரிலும் இருந்தால் நல்லது. தடை மட்டும் இருக்கும்போது நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

வண்டியைப் பொதுச் சாலையிலிருந்து எடுத்துவிட்டோம். சக்லேஷ்பூர் பக்கம் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில், தனியார் நிலத்துக்குள் மட்டும் ஓடுகிறது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை அங்கே தோட்டத்துப் பாதைகள் சேறாகிவிடும். மூட்டை ஏற்றிய பிக்கப் மாட்டிக்கொண்டால் வின்ச் போட்டு இழுக்கிறது. கிரவுன் பல் உடைந்து இப்போது வெகுகாலம் ஆகிறது, ஏனென்றால் ஓட்டுகிற தோட்டத்து மேஸ்திரி ஆக்சிலரேட்டரைத் தொடுவதே அபூர்வம். அவருக்கு அந்த 255 நியூட்டன் மீட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

2020 அக்டோபரில் வந்த புது தாரில் டீசலுக்கு 130 குதிரைத்திறன், பெட்ரோலுக்கு 150. எங்கள் வண்டியைவிடப் பலம், வாரன்ட்டி வேறு, போலீஸ்காரர் நிறுத்தினால் கண்ணாடியை இறக்கிப் பேசலாம். ஆகவே, பலம் வேண்டும் என்பதற்காக மட்டும் இன்று ஒருவர் வீட்டில் ஜீப் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. கட்டுகிற ஆசையே இருந்து, சொந்த நிலமோ நண்பரின் தோட்டமோ ஓட்டுவதற்கு இருந்தால், தாராளமாகக் கட்டுங்கள். முதலில் நல்ல டயர், பிறகு பிரேக், பிறகு கூண்டு, பிறகு லாக்கர், பிறகு வின்ச். இவற்றை வைத்துக்கொண்டு பழைய இன்ஜினோடு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் போதவில்லை என்று பட்டால் ஷிவாஜிநகருக்குப் போங்கள். போகும்போது டயல் கேஜ் வைத்திருக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.